ஒரே ஃபைல், இரண்டு வெளிச்சம்

திருப்பூரிலிருந்து கப்பலேறும் பனியன் ஒவ்வொன்றும் தன்னோடு கொஞ்சம் எழுத்தையும் சுமந்து போகிறது. கழுத்தில் பிராண்ட் லேபிள், ஓரத் தையலில் வாஷ் கேர் லேபிள், தொங்கும் டேக்கில் பார்கோடு ஸ்டிக்கர், அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் இன்னொரு ஸ்டிக்கர். ஸ்டிக்கர்கள் பெரும்பாலும் பேக்கிங் பிரிவிலேயே ஜீப்ரா, டிஎஸ்சி போன்ற பிரிண்டர்களில் அச்சாகின்றன. அந்தப் பிரிண்டர்களுக்குப் படமாக எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. இந்த இடத்தில் தொடங்கு, இந்த அளவில் எழுது, இங்கே பார்கோடு போடு என்று வரிவரியாகக் கட்டளைகள் போனால் போதும். ஜீப்ராவின் கட்டளை மொழிக்கு இசட்பிஎல் என்று பெயர். கட்டளைகளைச் சேர்த்து வைத்த ஃபைலை பிஆர்என் ஃபைல் என்பார்கள்.

பையர் கடைசி நேரத்தில் ஸ்டைல் நம்பரை மாற்றினால் அந்த ஃபைலைத் திறந்து ஒரு வரியைத் திருத்த வேண்டும். ஒரு இலக்கம் தவறினால் பெட்டி பெட்டியாக ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும்.

கோவை–திருச்சி சாலையில் பல்லடத்தில் இருந்துகொண்டு சுற்று வட்டார கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதித் தருபவர் ஒருவர், இந்த ஃபைல்களைத் திருத்துவதற்கென்றே ஒரு சின்ன டெக்ஸ்ட் எடிட்டர் செய்தார். இடப்பக்கம் கட்டளைகள், வலப்பக்கம் லேபிள் எப்படி வரும் என்ற முன்தோற்றம், அவ்வளவுதான். கட்டளை ஒரு நிறத்தில், எண்கள் ஒரு நிறத்தில், அச்சாகப் போகும் வாசகம் ஒரு நிறத்தில், குறிப்புகள் வேறொரு நிறத்தில் தெரியும். பின்னணி வெள்ளை.

இரவு ஷிஃப்டிலிருந்துதான் முதல் குரல் வந்தது. “அண்ணா, ராத்திரில இந்த வெள்ளை கண்ணுல குத்துதுங்க. கருப்புல குடுத்தா ஆவுமுங்களா?” கேட்டவர் உட்கார்ந்திருந்தது ஒற்றை விளக்கு எரியும் சிறிய அறையில். அதே கம்பெனியில் பகலில் பேக்கிங் ஹாலில் வேலை பார்ப்பவரின் நிலைமை நேர் எதிர். மேலே வரிசையாகக் குழல் விளக்குகள், எதிரே திறந்த ஷட்டர். “கருப்பா இருந்தா ஸ்கிரீன்ல ட்யூப்லைட்டுதானுங்க தெரியுது, எழுத்து எங்கீங்க?” என்றார் அவர். இரண்டும் நியாயமான பேச்சு. இருண்ட திரை எதிரொளியைக் காட்டிக்கொடுக்கும், வெளுத்த திரை இருட்டறையில் கண்ணைக் கூச வைக்கும்.

எடிட்டரில் ஒரு பொத்தான் வைத்து அழுத்தினால் கருப்பு, மறுபடி அழுத்தினால் வெள்ளை என்று முடித்துவிடலாம். பல மென்பொருள்கள் அப்படித்தான் முடித்துக்கொள்கின்றன. ஆனால் மேசையில் ஓடுவது எடிட்டர் மட்டுமல்ல. பிரவுசர் இருக்கிறது, ஃபைல் எக்ஸ்புளோரர் இருக்கிறது, மெயில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பொத்தானைத் தேடச் சொல்வது பயனர் தலையில் வேலையை ஏற்றுவது. தனக்கு எது வேண்டும் என்று அவர் கம்ப்யூட்டரிடம் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பதிலை எடிட்டர் கேட்டுக்கொண்டால் போதும். பல்லடத்துக்காரர் தன் வேலையை இந்த இடத்திலிருந்து தொடங்கினார்.

இருட்டுத் திரை ஒன்றும் புதுச்சரக்கு அல்ல. 1981-இல் ஐபிஎம் பிசியோடு விற்ற 5151 மானிட்டரில் கருப்பின் மேல் பச்சை எழுத்துதான். தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ப் படித்த ஒரு தலைமுறைக்கு, போர்லாண்ட் டர்போ சி-யின் நீலப் பின்னணியும் மஞ்சள் எழுத்தும் இன்னும் கண்ணில் நிற்கும். காகிதம் போல வெள்ளையில் கருப்பு என்ற யோசனையை ஜெராக்ஸ் ஆல்டோ 1973-இல் செய்து காட்டியது. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் அதை வீட்டு மேசைவரை கொண்டுவந்தது. அதன்பின் நீண்ட காலம் அலுவலகத் திரை என்றாலே வெள்ளைதான். கருப்பு, புரோகிராமர்களின் தனி ருசியாக ஒதுங்கி நின்றது.

திருப்பம் வந்தது இயங்குதளங்கள் அதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டபோது. விண்டோஸ் 10-இன் 2016 ஆகஸ்ட் பதிப்பில் செயலிகளுக்கான டார்க் மோட் செட்டிங்ஸில் இடம்பிடித்தது. 2018 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் மொஹாவி, முழு மேசைக்கும் டார்க் மோட் கொடுத்தது. அடுத்த ஆண்டு வந்த கேட்டலினா, நேரத்தைப் பார்த்துத் தானே மாறும் வசதியைச் சேர்த்தது. லினக்ஸில் பல மேசைச் சூழல்கள் இருப்பதால் எல்லோருக்கும் பொதுவான ஏற்பாடு 2021-இல்தான் உருவானது. அதில் விருப்பம் மூன்றே எண்களில் இருக்கிறது: 0 என்றால் விருப்பம் சொல்லவில்லை, 1 என்றால் இருட்டு, 2 என்றால் வெளிச்சம். 2022 மார்ச்சில் வந்த க்னோம் 42 அதை மேசையின் செட்டிங்ஸிலேயே வைத்தது.

எடிட்டர்களும் ஆளுக்கொரு வேகத்தில் பின்னால் வந்தன. நம் ஊர் அலுவலகங்களில் பரவலாகக் காணப்படும் நோட்பேட்++ 2003-இல் பிறந்தது. கோட் பகுதிக்கு இருண்ட தீம் அதில் பல காலமாக இருந்தும், மெனு, டூல்பார், டயலாக் எல்லாம் கருப்பானது 2021-இல் வந்த 8.0 பதிப்பில்தான். மைக்ரோசாஃப்ட்டின் சொந்த நோட்பேடுக்கே விண்டோஸ் 11 வந்த பிறகுதான் டார்க் மோட் கிடைத்தது.

ஏன் இவ்வளவு தாமதம்? பழைய விண்டோஸ் செயலிகளில் ஸ்க்ரோல்பார், மெனு, பட்டன் போன்றவற்றை வரைவது விண்டோஸ். அவற்றை இருட்டாக்க முறையான வழி எதையும் மைக்ரோசாஃப்ட் வெளியே சொல்லவில்லை. 2018 அக்டோபர் பதிப்பில் ஃபைல் எக்ஸ்புளோரர் கருப்பானபோது, அதற்கான வேலைகள் ஒரு சிஸ்டம் ஃபைலுக்குள் பெயரில்லாமல் எண்களாக ஒளிந்திருப்பதைப் புரோகிராமர்கள் கண்டுபிடித்தார்கள். எழுதிவைக்கப்படாத அந்த வழியைப் பயன்படுத்தினால் அடுத்த அப்டேட்டில் உடையலாம், பயன்படுத்தாவிட்டால் கருப்பு ஜன்னலில் வெள்ளை ஸ்க்ரோல்பார் பல்லிளிக்கும்.

பல்லடத்து எடிட்டர் பைத்தானில், க்யூடி என்ற கருவித்தொகுப்பை வைத்து எழுதப்பட்டது. முதலில் நேராக விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியைப் படிக்க வேண்டியிருந்தது. அங்கே ‘பெர்சனலைஸ்’ என்ற இடத்தில் இரண்டு மதிப்புகள் இருக்கும். ‘ஆப்ஸ் யூஸ் லைட் தீம்’ செயலிகளுக்கு, ‘சிஸ்டம் யூஸஸ் லைட் தீம்’ டாஸ்க்பாருக்கு. இரண்டையும் ஒன்று என்று நினைத்தால் வம்பு. டாஸ்க்பாரைக் கருப்பாகவும் செயலிகளை வெள்ளையாகவும் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். எடிட்டரின் ஜன்னல் முதல் மதிப்பைப் பார்க்க வேண்டும். டாஸ்க்பாரின் மூலையில் உட்காரும் சின்ன ஐகான் இரண்டாவதைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கருப்புப் பட்டையில் கருப்பு ஐகான் காணாமல் போய்விடும்.

இந்த மதிப்புகள் லாகின் செய்தவரின் கணக்கோடு ஒட்டியவை. அது இங்கே கைகொடுத்தது. ஒரே கம்ப்யூட்டரில் பகல்காரருக்கும் இரவுக்காரருக்கும் தனித்தனி லாகின் போட்டுக்கொடுத்தால் அவரவர் விருப்பம் அவரவருக்கு. எல்லோரும் ஒரே லாகினில் உட்காரும் இடங்களில் ஆட்டோ டார்க் மோட் என்ற திறமூல மென்பொருள் மணி பார்த்து மாற்றிவிடும். எது மாற்றினாலும் எடிட்டர் கேள்வி கேட்காமல் பின்னால் போகும்.

பின்னால் போவதென்றால் திறந்திருக்கும்போதே மாற வேண்டும். ‘மூடிவிட்டுத் திறக்கவும்’ என்று சொல்லும் மென்பொருள் பாதி வேலைதான் செய்கிறது. விருப்பம் மாறும்போது விண்டோஸ் எல்லா ஜன்னல்களுக்கும் ஒரு செய்தி அனுப்பும். சிக்கல் என்னவென்றால், ஒரு மாற்றத்துக்கே அந்தச் செய்தி பல தடவை வந்து விழும். ஒவ்வொரு தடவையும் நிறங்களைப் புதிதாகப் பூசினால் திரை படபடவென்று மின்னும். பழைய மதிப்போடு ஒப்பிட்டு, உண்மையிலேயே மாறியிருந்தால் மட்டும் கை வைக்க வேண்டும். 2023 ஏப்ரலில் வந்த க்யூடி 6.5 இந்தத் தலைவலியின் பெரும்பகுதியைத் தானே எடுத்துக்கொண்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ‘இப்போது இருட்டா, வெளிச்சமா’ என்று ஒரே கேள்வியில் கேட்கலாம், மாறினால் அதுவே சொல்லும். 6.8-இலிருந்து செயலி தன் பங்குக்கு ஒன்றைத் தேர்ந்து அறிவிக்கவும் முடிகிறது.

இன்னொரு சில்லறைத் தொந்தரவு, திறக்கும் நொடியில் வரும் வெள்ளை மின்னல். இருட்டறையில் எடிட்டரைத் திறந்தால் முதலில் பளிச்சென்று வெள்ளை ஜன்னல், பிறகுதான் கருப்பு. ஜன்னலை உருவாக்கிவிட்டு விருப்பத்தைப் படிப்பதால் வருவது இது. படித்துவிட்டு உருவாக்கினால் போய்விடும். டைட்டில் பாரை இருட்டாக்க விண்டோஸ் 11-இல் 20 என்ற எண்ணுள்ள பண்பை அறிவிக்க வேண்டும், விண்டோஸ் 10-இன் பழைய பதிப்புகள் சிலவற்றில் அதே வேலைக்கு 19. இப்படி எண்களைத் துரத்துவதில் பெருமை எதுவும் இல்லை, செய்யாவிட்டால் மட்டும் எல்லோர் கண்ணிலும் படும்.

உண்மையான வேலை நிறங்களில் இருந்தது. அங்கே அவருக்குத் துணையாக நின்றது ஊர்த்தொழில்.

டையிங்கில் லேப் டிப், அதாவது சாயம் ஏற்றிய மாதிரித் துணி, வந்தால் ஷேடை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்து யாரும் ஓகே சொல்வதில்லை. லைட் பாக்ஸுக்குள் வைப்பார்கள். டி65 என்றால் சுமார் 6500 கெல்வின் பகல் வெளிச்சம். டிஎல்84 என்றால் சுமார் 4000 கெல்வின், ஐரோப்பியக் கடை வெளிச்சம். ஏ என்றால் வீட்டுக் குண்டு பல்பின் மஞ்சள். ஒரு வெளிச்சத்தில் ஒட்டிய இரண்டு துணி, இன்னொன்றில் விலகி நிற்கும். பையர் எந்த வெளிச்சத்தைச் சொல்லியிருக்கிறாரோ அதில் பாஸாக வேண்டும். எடிட்டரின் நிறங்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். வெள்ளைப் பின்னணியில் பாஸான நிறம் கருப்பில் தனியாகப் பரீட்சை எழுத வேண்டும்.

இதை அளக்க உலகம் ஒப்புக்கொண்ட ஒரு கணக்கு உண்டு. வலைப்பக்கங்களின் அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி விதிகளில் வரும் ஒளிமாறுபாட்டு விகிதம் அது. வெள்ளைக்கும் கருப்புக்கும் 21. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும். சுத்த நீலத்தை வெள்ளையில் வைத்தால் 8.59, தாராளமாகத் தேறும். அதே நீலம் கருப்பில் 2.44, தோல்வி. மஞ்சள் இதற்குத் தலைகீழ்: கருப்பில் 19.56, வெள்ளையில் 1.07, அதாவது இருந்தும் இல்லாததுபோல. டர்போ சி-யின் மஞ்சளை அப்படியே வெள்ளைத் திரைக்குக் கொண்டுவர முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எல்லா நிறத்தையும் அப்படியே தலைகீழாக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சிவப்பு பச்சைநீலமாகிவிடும். ‘பிழை’ என்று கத்த வேண்டிய வரி குளுகுளுவென்று நிற்கும். எனவே நிரலில் எங்கும் ‘சிவப்பு’, ‘நீலம்’ என்று எழுதாமல் ‘பிழை’, ‘கட்டளை’, ‘எண்’, ‘வாசகம்’, ‘குறிப்பு’, ‘தேடிக் கிடைத்தது’ என்று பங்கின் பெயரால் எழுதினார். ஒவ்வொரு பங்குக்கும் இரண்டு ஷேடு, வெளிச்சத்துக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று. மோட் மாறும்போது அட்டவணை மட்டும் மாறும்.

கருப்பும் முழுக் கருப்பாக இருக்க வேண்டியதில்லை. விஎஸ் கோடின் பழகிய இருண்ட பின்னணியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255-க்கு 30. கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு 18-ஐப் பரிந்துரைத்தது. சுத்தக் கருப்பில் சுத்த வெள்ளையை வைத்தால் எழுத்தைச் சுற்றி ஒளி கசிவதுபோல் சிலருக்குத் தெரியும், சிதறல் பார்வை உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதலாக. பின்னணியைச் சற்று உயர்த்தி எழுத்தைச் சற்றுத் தணித்தால் கசிவு அடங்கும்.

தமிழ் வந்து நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. பிரபலமான தீம்களைச் செய்தவர்கள் யாரும் அதை யோசித்திருக்க வழியில்லை. புரோகிராமர்களின் எடிட்டரில் குறிப்பு வரிகள் எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டர் படிக்காத வரி, ஒதுங்கி நிற்கட்டும் என்ற எண்ணம். ஈதன் ஸ்கூனோவர் 2011-இல் வெளியிட்ட சோலரைஸ்ட் தீம் பதினாறே நிறங்களில் இருட்டு, வெளிச்சம் இரண்டையும் கட்டிப்போட்ட அழகான வேலை. அதிலும் இருண்ட பக்கத்தில் குறிப்பு வரிகளின் விகிதம் கணக்கிட்டால் சுமார் 2.8-தான்.

ஆனால் பேக்கிங் பிரிவில் ஒரு பிஆர்என் ஃபைலைத் திறந்தால் கட்டளை, வாசகம், எண் எல்லாமே ஆங்கிலம். தமிழ் இருப்பது குறிப்பு வரியில் மட்டும். இசட்பிஎல்-இல் குறிப்புக்கென்றே எஃப்எக்ஸ் என்ற கட்டளை உண்டு, அதற்குப்பின் வருவதைப் பிரிண்டர் அச்சடிக்காது. ‘இது பெரிய பெட்டிக்கு மட்டும்’, ‘எக்ஸ்எல் சைஸுக்கு இந்த வரியை மாத்தாதீங்க’ என்றெல்லாம் ஆட்கள் எழுதிவைப்பது அங்கேதான். கம்ப்யூட்டருக்கு வேண்டாத வரிதான், மனிதர் முதலில் படிக்க வேண்டிய வரி. அதை மங்கலாக்கினால் ஒரு புள்ளி கரைந்து மெய் உயிர்மெய்யாகும், சுழி தெரியாமல் நெடில் குறிலாகும். ஆகவே பல்லடத்து எடிட்டரில் குறிப்புக்குத்தான் இரண்டு மோடிலும் எடுப்பான நிறம். விகிதம் 7-க்குக் கீழே போகாது. குறிப்பு என்று அடையாளம் காட்ட மங்கலுக்குப் பதிலாக வரியின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு போட்டார்.

எழுத்தின் தடிமனும் கவனம் கேட்டது. ஒரே ஃபாண்ட், ஒரே அளவு, ஆனால் இருண்ட பின்னணியில் வெளிர் எழுத்து கொஞ்சம் பருத்துத் தெரியும். ஆங்கிலத்தில் அது பெரிதாக உறுத்தாது. தமிழில் ணகரத்தின், னகரத்தின் சுழிகள் அடைபடுகின்றன. விண்டோஸ் 8-இலிருந்து தமிழுக்கு வரும் நிர்மலா யுஐ ஃபாண்டின் அளவை ஒரு பாயின்ட் கூட்டி, வரிகளுக்கு நடுவே சற்று இடம் விட்டதும் சுழிகள் திறந்தன.

எதை இருட்டாக்கக் கூடாது என்பதும் வேலையின் பகுதிதான். வலப்பக்க முன்தோற்றம் எந்த மோடிலும் வெள்ளையாகவே இருக்கும். ஸ்டிக்கர் ரோல் வெள்ளை, அதில் விழப்போவது கருப்பு. பார்கோடு தலைகீழாகத் தெரிந்தால் பார்ப்பவர் பிரிண்டரைச் சந்தேகப்படுவார். கண் கூசாமலிருக்க இருட்டில் அந்த வெள்ளையைச் சற்றுப் பழுப்பாக்கினார், அதற்கு மேல் போகவில்லை. ஃபைலைக் காகிதத்தில் அச்சிட்டால் திரை எப்படி இருந்தாலும் வெளிச்ச அட்டவணைதான் போகும், இல்லையென்றால் பக்கம் முழுக்க டோனர் கொட்டும். நிறத்தோடு காப்பி செய்து மெயிலில் ஒட்டுவதிலும் இதே வம்பு உண்டு. இருட்டிலிருந்து வரும் வெளிர் எழுத்து, வெள்ளை மெயிலில் கண்ணுக்கே தெரியாது. அதனால் காப்பி எப்போதும் வெறும் எழுத்தாகவே போகிறது.

விண்டோஸின் ஹை கான்ட்ராஸ்ட் வேறு சமாச்சாரம். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் தங்களுக்கென்று நிறங்களைத் தேர்ந்து வைப்பது அது. அது இயங்கும்போது எடிட்டர் தன் இரண்டு அட்டவணைகளையும் ஓரமாக வைத்துவிட்டு, விண்டோஸ் தரும் நிறங்களை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

டார்க் மோட் கண்ணுக்கு நல்லது, கரண்ட் மிச்சம் என்று வாட்ஸ்அப்பில் வருவதைக் காட்டிக் கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் பதில் நிதானமானது. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் பீப்பென்ப்ராக் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பிழைதிருத்தும் வேலையை வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்தோடுதான் இளையவர், முதியவர் இரு சாராரும் நன்றாகச் செய்தார்கள். வெளிச்சத்தில் கண்மணி சுருங்குவதால் உருவம் கூர்மையாக விழுகிறது என்பது அவர்கள் தரப்பு விளக்கம். கரண்ட் கணக்கு திரையின் வகையைப் பொறுத்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021-இல் ஓஎல்இடி போன்களில் அளந்தபோது, முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம் மிச்சம் கிடைத்தது. அன்றாடம் வைத்துக்கொள்ளும் 30–50 சதவீத வெளிச்சத்தில் அது 3 முதல் 9 சதவீதமாகச் சுருங்கியது. பேக்கிங் மேசையில் இருப்பதோ எல்சிடி மானிட்டர். கருப்பைக் காட்டும்போதும் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

அதனால் எடிட்டர் யாருக்கும் இருட்டைப் பரிந்துரைப்பதில்லை. செட்டிங்ஸில் மூன்று தேர்வுகள்: ‘சிஸ்டம்படி’, ‘வெளிச்சம்’, ‘இருட்டு’. நிறுவியதும் இருப்பது முதலாவது. க்னோம் 42-இல் பழைய ஜிஎடிட்டுக்குப் பதிலாக வந்த டெக்ஸ்ட் எடிட்டரின் மெனுவிலும் இதே மூன்று தேர்வுகள்தான், மூன்று வட்டங்களாக. இரண்டு தேர்வு மட்டும் கொடுத்தால், ஒருமுறை கை வைத்தவர் மறுபடி ‘சிஸ்டம் சொல்வதைக் கேள்’ என்ற நிலைக்குத் திரும்ப வழியே இருக்காது.

தமிழர் கையில் புழங்கப்போகும் மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு அவர் சொல்வது நடைமுறைப் பேச்சுதான். டார்க் மோட் தயார் என்று அறிவிக்கும் முன் தமிழ்க் குறிப்புகள் உள்ள ஒரு ஃபைலைத் திறந்து, இரண்டு மோடிலும், விளக்கை அணைத்தும் போட்டும், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரை உட்காரவைத்துப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். எங்கே அவர் திரையை நோக்கிக் குனிகிறாரோ, அந்தப் பங்கின் நிறத்தை மாற்றுங்கள்.